பிச்சையும் எழுத்தும்

ஒருவன் செய்யும் உபகாரத்தை மதிப்பிடும்போது அவனுடைய நோக்கத்தைப் பார்க்க வேண்டுமா, அன்றி அதனால் விளைந்த பயனைப் பார்க்க வேண்டுமா என்பது அறிஞர்கள் நெடுங்காலமாக வாதித்து வரும் வினா. வெறுங் கொள்கையாக வைத்துப் பேசினால் இதற்கு முடிவு காண்பது அரிது. ஆகையால் தைவான் தீவில் நடந்த ஒரு வரலாற்றை நேயர்கள்முன் வைத்து இதனை ஆராயப் புகுகின்றேன்.

அத்தீவின் பழைய தலைநகராகிய தைனானில் ஒரு பிரஸ்பிட்டேரியன் சபை உண்டு. மேற்றிராணியார் ஒருவர் மேலிருந்து ஆளாமல், சபையார் தாமே தெரிந்தெடுத்த மூப்பர்கள் கூடி நடத்தும் முறை அவர்களுடையது. அச்சபை தன் தொடக்கத்தை 1865-ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. இங்கிலீஷ் பிரஸ்பிட்டேரியன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜேம்ஸ் மாக்ஸ்வெல் அவ்வாண்டில் அங்கே மருத்துவமும் பிரசங்கமும் தொடங்கினார். இதே மிஷன்தான் 1880-களில் ஜான் குக் என்பவரைக் கொண்டு சிங்கப்பூர்ச் சீனர்களிடையே சபைகளை எழுப்பியது. ஆதலால் இது நமக்கு முற்றிலும் அந்நியமான கதையன்று. ஒரு மாதம் செல்லுமுன்பே, மனிதருடைய கண்ணைப் பிடுங்கி மருந்து செய்கிறார் என்பது போன்ற வதந்திகள் ஊரெங்கும் பரவின. ஜனங்கள் திரண்டு எதிர்க்கவே, டாக்டர் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. கண்ணைப் பிடுங்குவோர் என்று பெயர் வாங்கிய அக்கூட்டத்தாரே பிற்காலத்தில் அத்தீவின் முதற் கண்ணிழந்தோர் பள்ளியைத் திறந்தனர் என்பது விந்தை.

அப்பள்ளியைத் திறந்தவர் 1871-ல் அங்கு வந்து சேர்ந்த, கிளாஸ்கோ நகரத்து வில்லியம் காம்பெல். ஆண்டு 1891. அதுகாறும் அந்நாட்டுக் கண்ணிழந்தோர்க்கு இருந்த வழிகள் குறி சொல்லுதல், பாட்டுப் பாடுதல், பிச்சை எடுத்தல் என்பனவே. (குறி சொல்லுவதை மூடநம்பிக்கை என்று பாதிரிமார் கடிந்தனர். நாமும் கடிவோம். ஆயினும் அது அவர்கள் தம் வாய்த்திறமையால் சம்பாதித்த சோறு என்பதை மறத்தல் நியாயமன்று.) காம்பெல் அவர்களுக்கு எழுத்தையும் கைத்தொழிலையும் கற்பித்தார். அவருக்கு ஒரு வசதி முன்னரே அமைந்திருந்தது. ஆயிரக்கணக்கான சீன எழுத்துக்களுக்கு ஈடாகப் புள்ளிகள் அமைப்பது பெரும்பாடு. மிஷனிலோ, தைவான் பேச்சைச் சில ரோமன் எழுத்துக்களால் எழுதும் வழக்கம் வேரூன்றியிருந்தது. அதன்மேல் லூயி பிரெய்லின் ஆறு புள்ளிகள் எளிதிற் பொருந்தின. மேடு தட்டிய புள்ளிகளில் மத்தேயு சுவிசேஷம் அச்சாயிற்று.

இங்கேதான் நம் நண்பர்கள் குறுக்கிடுவார்கள். “பார்த்தீரா! முதலில் சுவிசேஷம். இது மதத்திற்கு ஆள் பிடிக்கும் தூண்டில் அல்லவா?” என்பார்கள். தூண்டில் என்பதை மறுக்க யான் முன்வரேன். வேதத்தை ஒவ்வொருவனும் தானே வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் சித்தாந்தம். வாசிக்க இயலாதவன் ஒருவன் சபையில் இருப்பானாயின் அவனோடு சித்தாந்தமும் ஊனப்படுகிறது. ஆகவே அவர்களை உந்தியது இரக்கம் மட்டுமன்று. ஆனால் எழுத்துக்கும் சோற்றுக்கும் ஒரு பேதம் உண்டு. சோற்றைக் கொடுத்தவன் நாளை நிறுத்திவிடலாம். விரல் ஒருமுறை கற்றுக்கொண்ட எழுத்தை யாரும் திரும்ப வாங்க முடியாது. மத்தேயுவை வாசிக்கக் கற்றவன் மத்தேயுவை மறுக்கும் நூலையும் அதே விரலால் வாசிக்கலாம்.

பின்னர் நிகழ்ந்ததும் கவனிக்கத் தக்கது. 1895-ல் தைவான் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. பணமின்மையால் 1897-ல் பள்ளி மூடப்பட்டது. காம்பெல் ஜப்பானிய அதிகாரிகளிடம் மன்றாடினார். 1900-ல் அரசாங்கத்தின் ஆதரவு பெற்ற தரும ஸ்தாபனம் ஒன்று அவ்வேலையை ஏற்றது. பிறர் கைக்குப் போன பள்ளியில் தம் மதத்திற்கு முன்போல் இடமிராது என்பதை அவர் அறியாதிருந்திருக்க முடியாது. ஆள் பிடிப்பதே நோக்கமாயின், மூடிய பள்ளியை மூடியபடியே விட்டிருக்கலாமே! மனிதனுடைய நோக்கம் வேலையின் நடுவிலே மாறுவதும் வளர்வதும் உண்டு என்றே யான் கொள்ளுகிறேன்.

உடற்குறை முற்பிறப்பின் வினை என்று நம்மவரிற் பலர் இன்றும் சொல்லுகின்றனர். கிறிஸ்தவ வேதமும் இவ்விஷயத்தில் இரு குரலிற் பேசுகிறது. பிறவிக் குருடனைக் கண்டு, இது அவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர் வினவியபோது, இரண்டுமன்று என இயேசு மறுத்ததாக யோவான் எழுதுகிறார். லேவியராகமமோ உடற்குறையுள்ள ஆசாரியன் பலிபீடத்தை அணுகுவதைத் தடுக்கிறது. எந்த மதமாயினும் கேள்வி ஒன்றே: அவன் முழு மனிதனா, அன்றா? தோட்டத்துச் செக்ரோலில் முழுப்பேர், அரைப்பேர் என்று எழுதிப் பழகிய கிராணி யான். அன்று செய்த வேலைக்கு அக்கணக்குப் பொருந்தும். மனிதனை அளக்கவும் அதே ஏட்டை எடுக்கிறோமே, அதுதான் கொடுமை. அங்கவீனனுக்குக் கோயில் வாசலில் காசு போடுகிறோம். அவனை ஆலோசனைக் கூட்டத்தில் உட்காரவைத்து அபிப்பிராயம் கேட்கிறோமா? மூப்பர்களைத் தாமே தெரிந்தெடுக்கும் சபைகளும் தம் மூப்பர் வரிசையை இக்கேள்வியுடன் ஒருமுறை நோக்குவது நலம்.

அக்காலத்திலேயே பீகிங் நகரில் வேறொருவர் இதற்கு ஒரு வழி காட்டினார். ஸ்காத்லாந்து வேதாகமச் சங்கத்தின் ஊழியர் வில்லியம் ஹில் மரே சிறுவயதில் மரமறுக்கும் ஆலையில் ஒரு கையை இழந்தவர். கண்ணிழந்த சீனர்க்காக எண்களை அடிப்படையாகக் கொண்ட புள்ளியெழுத்து ஒன்றை அமைத்தார். சில ஆண்டுகள் சென்றபின், அப்புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தால் கண்ணிருந்தும் படிப்பறியாத ஏழைகளுக்கு அது எளிய எழுத்தாகும் என்று கண்டார். அதற்கான அச்சுக் கோத்தவர்கள் அவருடைய கண்ணிழந்த மாணவர்களே. கண்ணுள்ளவர்களை எதிரே உட்காரவைத்து எழுத்துக் கற்பித்தவர்களும் அவர்களே.