பல்பின் கழுத்தில் எழுதியிருப்பது

சமய ஒற்றுமையைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் அடிக்கடி எடுத்தாளும் உவமை ஒன்று உண்டு. பல்புகள் பல நிறம், பல வடிவம். உள்ளே ஓடும் மின்சாரம் ஒன்றே. அதுபோல மதங்கள் பல, மெய்ப்பொருள் ஒன்று. கேட்பவர் மனத்தை உடனே நெகிழ வைத்துவிடும் உவமை. அதன் பின்னால் இருக்கும் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். மதத்தின் பெயரால் இரத்தம் சிந்தும் உலகில் இதைச் சொல்ல ஒருவர் முன்வருவதே பெரிய காரியம். ஆனாலும் இந்த உவமையைச் சொல்கிறவர் ஒருமுறை பல்பைக் கழற்றி, அதில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். நம் ஊர்க் குண்டு பல்பில் 230 வோல்ட் என்று இருக்கும். அதை ஜப்பானுக்குக் கொண்டுபோய் மாட்டினால், அங்கே வரும் 100 வோல்ட்டில் இழை செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டிருக்குமே தவிர, படிக்க வெளிச்சம் தராது. அமெரிக்காவின் 120 வோல்ட் பல்பை இங்கே மாட்டினால் ஒரு நொடி பளீரென்று எரிந்து இழை அறுந்துவிடும். இரண்டிலும் ஓடியது ஒரே மின்சாரம்தான். அப்படியிருந்தும் ஒன்று மங்கியது, மற்றது அழிந்தது. உவமை சொல்லாமல் விட்டது இதைத்தான்.

டெஸ்க்டாப் கணினியை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்கிறவருக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். கணினிக்கு வேண்டியபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பழைய எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளின் பின்புறம், வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச் உள்வாங்கிப் பதிந்திருக்கும். விரல் நுழையாது, ஸ்க்ரூடிரைவர் முனையால்தான் தள்ள வேண்டும். ஒரு பக்கம் 115, மறுபக்கம் 230. 230இல் வைத்தால் சுவரிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரம் அப்படியே நேர்த்திசை மின்சாரமாகி, ஏறக்குறைய 325 வோல்ட்டாக உள்ளே நிற்கும். 115இல் வைத்தால் அதே பாகங்கள் வேறு விதமாக இணைந்து, வருகிற அழுத்தத்தை இரட்டிப்பாக்கி, ஏறக்குறைய அதே 325க்குக் கொண்டுவரும். அதிலிருந்துதான் மதர்போர்டுக்கும் டிஸ்க்குக்கும் வேண்டிய 12, 5, 3.3 வோல்ட்டுகள் பிறக்கின்றன. 115இல் வைத்த அமெரிக்கக் கணினியை மதுரையில் செருகினால், ஏற்கெனவே போதுமானதாக இருக்கும் அழுத்தம் இன்னொரு மடங்கு ஏறி 600 வோல்ட்டைத் தாண்டும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் வெடிக்கும். 230இல் வைத்த நம் கணினி அமெரிக்காவில் பெரும்பாலும் வெறுமனே உயிர் பெறாமல் கிடக்கும். பிளக்குக்கு மாட்டும் அடாப்டர் இதில் எதையும் மாற்றாது. உருண்டை முள்ளைத் தட்டை முள்ளாக்குவதோடு அதன் வேலை முடிந்தது.

மதங்களின் வேறுபாடு பிளக்கின் முள் போன்றது என்று ஒற்றுமை பேசுவோர் எண்ணுகிறார்கள். திருநீறு, தொப்பி, சிலுவை என்று வெளியே தெரிவதை மாற்றினால் போதும், உள்ளே எல்லாம் ஒன்று என்பது அவர்கள் கட்சி. என் எண்ணம் வேறு. வேறுபாடு வோல்ட்டில் இருக்கிறது. மனிதனுக்கு என்ன நோய் என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். உயிரை அநாதியாகப் பற்றியிருக்கும் ஆணவ மலம் என்கிறது சைவ சித்தாந்தம். அருள் வந்துதான் அதன் வலிமையை அடக்க வேண்டும். கடவுளோடு இருந்த உறவைப் பாவம் முறித்தது, மீட்பர் வந்து அதைச் சேர்த்தார் என்கிறது கிறிஸ்தவம். நிலையான ஆன்மா என்று ஒன்று உண்டென்று பற்றிக்கொள்வதே துக்கத்தின் வேர் என்கிறது பௌத்தம். உன் ஆன்மாவை இறைவனிடம் ஒப்படை என்று ஒரு பிக்குவிடம் சொன்னால், அவர் விடுபடப் பார்க்கும் பற்றையே அவருக்கு மருந்தாகக் கொடுத்ததாகும். நோய் வேறு என்றால் மருந்தும் வேறு; ஒருவரின் மருந்து மற்றவருக்கு நஞ்சாகவும் கூடும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் தத்துவ அறிஞர் ஜான் ஹிக், 1989இல் வெளியிட்ட தமது பெரிய நூலில், மெய்ப்பொருள் தன்னளவில் ஒன்று, அதை உணரும் மனித மனங்களும் பண்பாடுகளும்தான் வேறு என்று விரிவாக வாதிட்டார். ஆக, அவர் கணக்கில் வோல்ட் வேறுபாடும் நம் பக்கத்துக் கோளாறே. ஆனால் இதைச் சொல்ல ஹிக் எங்கே நிற்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. மின்சாரத்தில் அந்தச் சிக்கல் இல்லை. டோக்கியோவிலும் சென்னையிலும் ஒரே மல்ட்டிமீட்டரை வைத்து அளந்து, இது அதுதான் என்று காட்டலாம். எல்லா மதங்களுக்கும் வெளியே நின்று மெய்ப்பொருளை அளக்கும் மீட்டர் எவர் கையிலும் இல்லை. ஒன்று என்பது பொய் என்று நான் சொல்லவில்லை. அது ஒரு நம்பிக்கை, மற்ற நம்பிக்கைகளுக்கு நடுவே இன்னொரு நம்பிக்கை. நடுவராக உட்காரும் உரிமை அதற்கு இல்லை.

வேறு சிலர், இந்த எண்களெல்லாம் வரலாற்று விபத்துதானே, விபத்துக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று கேட்பார்கள். உண்மைதான், விபத்தேதான். ஜப்பானைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்து எந்திரம் வாங்கியது, ஒசாகா அமெரிக்காவிலிருந்து வாங்கியது. அதனால் இன்றைக்கும் ஃபுஜி ஆற்றுக்குக் கிழக்கே மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60 ஹெர்ட்ஸ். 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் கிழக்கின் மின்நிலையங்களை முடக்கியபோது, டோக்கியோ வட்டாரத்தில் முறைவைத்து மின்சாரத்தை வெட்டினார்கள். மேற்கிலிருந்து உதவிக்கு மின்சாரம் அனுப்பலாம். ஆனால் நடுவில் இருந்த அதிர்வெண் மாற்று நிலையங்களால் சுமார் 1,000 மெகாவாட்டுக்கு மேல் கடத்த முடியவில்லை. தற்செயலாகத் தொடங்கியது நூறு ஆண்டுகளில் வீடும் ஆலையும் ரயிலுமாக வளர்ந்து நின்றுவிட்டது. எந்த நாளில் நோன்பு, எந்த மொழியில் மந்திரம், எதை உண்ணலாகாது என்பவையும் இப்படித்தான். ஒரு காலத்தில் வேறு விதமாக அமைந்திருக்கலாம். இன்று அவற்றின்மேல் கோடிக்கணக்கான உயிர்களின் துக்கமும் ஆறுதலும் தங்கியிருக்கின்றன.

இன்றைய எஸ்.எம்.பி.எஸ்.களில் சிவப்பு சுவிட்சே கிடையாதே, 100 முதல் 240 வரை எதையும் தாங்குகின்றனவே, அதுபோல் ஒரு பொது மதம் வரக்கூடாதா என்று கேட்கலாம். அந்தப் பெட்டி வேறுபாட்டை மறந்ததால் எதையும் தாங்கவில்லை. என்ன வருகிறது என்பதை ஒவ்வொரு கணமும் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதற்கேற்பத் தன் வேலையைக் கூட்டியும் குறைத்தும், பழைய பெட்டியில் இல்லாத கூடுதல் சுற்றுகளைச் சுமந்துகொண்டு தாங்குகிறது. மதத்திலும் அப்படி உழைத்தவர்கள் உண்டு. சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளை ஆராயும் பரபக்கத்தில் உலோகாயதர், பௌத்தர், சமணர் என்று ஒவ்வொருவர் கொள்கையையும் முதலில் எடுத்துரைத்து, பிறகே மறுக்கிறார். எல்லாம் ஒன்றே என்று நினைத்திருந்தால் அவருக்கு அந்த உழைப்பு தேவைப்பட்டிருக்காது. அவருடைய மறுப்பில் எனக்கு உடன்பாடு இல்லாத இடங்கள் உண்டு. ஆயினும் பிறர் கொள்கையைப் படித்தறிந்து மறுப்பவர், படிக்காமலே ஒன்று என்பவரைவிட அதற்கு அதிக மதிப்புத் தருகிறார் என்றே கருதுகிறேன்.

வேறுபாடு இவ்வளவு ஆழம் என்றால் அவரவர் ஊரிலேயே அடைந்து கிடக்க வேண்டியதுதானா? இல்லை, நடுவே நின்று மாற்றித் தருகிற வேலை உண்டு, அது ஆபத்தில்லாத வேலையும் அல்ல. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய சேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்து, புலால் நீக்கி, தமிழும் வடமொழியும் கற்றார். குடுமியும் பூணூலும் மத அடையாளங்கள் அல்ல, சமூக வழக்கங்கள் என்று வாதாடினார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அதை நிபந்தனைகளோடு ஏற்றார். ஆனால் பூணூலோடு சாதியும் உள்ளே வந்தது. ஒரே மறையில் சேர்ந்தவர்கள் தனித்தனியே நிறுத்தப்பட்டார்கள், அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. எதை மாற்றித் தர வேண்டும், எதை உள்ளே விடவே கூடாது என்பதில் அவர் பெரும்பிழை செய்தார் என்றே நான் நினைக்கிறேன். அதே மனிதர்தான் கடவுளுக்கு ஒரு சொல் தேடி அலைந்தவரும். அவருக்கு முன்னே கடற்கரையில் இருந்த மறைபரப்பாளர்கள் தம்பிரான் என்று எழுதியிருந்தார்கள். அவர் சருவேசுரன் என்றார். தமிழ்க் காதுக்கு உடனே பொருள் விளங்க வேண்டும், ஆனால் எந்தக் கோயில் மூர்த்தியோடும் சேர்த்து எண்ணிவிடக் கூடாது. இரண்டையும் ஒரு சொல்லில் நிறுத்தப் பார்த்தார். அவருக்குப் பின் பல தலைமுறைகள் தமிழ்க் கத்தோலிக்கர் இரவு செபத்தில் அந்தச் சொல்லைச் சொல்லியே கடவுளை அழைத்தார்கள்.