கழற்றப்போகிறவருக்காக

பழைய காரைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் அதில் கைவைத்தவர்களின் மனசு தெரிகிறது. பெயின்டும் குரோமியப் பூச்சும் பிறர் கண்ணுக்காகச் செய்தவை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கும் நட்டை யாரும் பார்க்கப்போவதில்லை. நாற்பது ஐம்பது வருஷம் கழித்து அதன்மேல் ஸ்பேனரைப் பொருத்தி இழுக்கிறவருக்கு மட்டும், கடைசியாக அதை முடுக்கியவர் தன்னைப் பற்றி ஒரு கணமாவது நினைத்தாரா என்பது விளங்கிவிடும். ஒன்றைக் கட்டுகிறவர், பிற்பாடு அதைப் பிரிக்கப்போகிறவருக்கும் கடன்பட்டிருக்கிறாரா? ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது வந்த கேள்வி இது. கார் தயாரான பிறகும் என்னை விடவில்லை.

ஹெரால்டு சென்னைக்காரர்களின் கார். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் தயாரித்தது. தொழிற்சாலை பெருங்களத்தூரில் இருந்தது. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் உடம்பு முழுவதையும் வெல்டிங் வைத்து ஒன்றாக இணைத்திருப்பார்கள். ஹெரால்டு அப்படியல்ல. தனிச் சேஸி, அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டிய உடம்பு. முழு பானெட்டும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். பிரிக்கலாம் என்ற எண்ணத்தோடே பிறந்த கார் என்பதால்தான் எனக்கு அதன்மேல் இத்தனை பிரியம். ஆனால் கடற்காற்றில் பல வருஷம் நின்றுவிட்டால் அந்த போல்ட்டுகளும் அசைய மறுக்கும்.

இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருத்துவிடுகிறது. போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடம். பருக்க வழியில்லாத துரு அங்கேயே ஆப்பாக இறுகுகிறது. அலுமினியத்தில் ஸ்டட் எனப்படும் தலையில்லாத எஃகு போல்ட் இருந்தால் தொல்லை வேறு விதம். இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்து சின்ன மின்கலமாகி, அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக அடைத்துக்கொள்ளும். நம் கை பலத்தைக் கூட்டுவது இங்கே பயன்படாது. ஸ்டட் முறியும், அல்லது நட்டின் ஆறு முனையும் மழுங்கி உருண்டையாகிவிடும்.

ஹெரால்டைப் பிரிக்க எனக்குத் துணை நின்ற மேஸ்திரி, ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கம்பி பிரஷ்ஷைத்தான் எடுப்பார். வெளியே தெரியும் மரையில் இருக்கும் துருவையும் பழைய பெயின்டையும் முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகே மண்ணெண்ணெய். விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். திரும்பி வந்து, சின்னச் சுத்தியலால் போல்ட்டின் தலையில் நேராகத் தட்டுவார், மறுபடி எண்ணெய். அந்த அதிர்வில் துரு விரிசல் விட, எண்ணெய் உள்ளே இறங்கும். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரைத் தொடமாட்டார். ஆறு பக்கமும் ஒட்டிப் பிடிக்கும் ஸ்பேனர்தான். அப்புறம் அவர் செய்தது எனக்கு முதலில் புரியவில்லை.

“முதல்ல கொஞ்சம் முடுக்குங்க சார். அசைஞ்சிடுச்சுன்னா அப்புறம் திருப்பிக்கலாம்.”

கழற்ற வந்தவரை முடுக்கச் சொல்கிறார். எந்தப் பக்கம் அசைந்தாலும் துருவின் பிடி உடைகிறது என்பதுதான் விஷயம். அசைந்த பிறகு கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, மறுபடி எண்ணெய் என்று ஏற்றி இறக்கித்தான் எடுக்க வேண்டும். ஒரே மூச்சில் திருகினால் உதிர்ந்த துரு மரையில் சிக்கி மறுபடி பிடித்துக்கொள்ளும்.

அதற்கும் மசியாதவற்றுக்குத்தான் நெருப்பு. தீ நட்டில் படவேண்டும், ஸ்டட்டில் படக் கூடாது. நட்டைச் சூடாக்கினால் அதன் துளை சுருங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். துளையும் சேர்ந்து விரியும் என்பதே உண்மை. சிவந்த நட்டைச் சற்று ஆறவிட்டு மெழுகுவத்தியைக் காட்டினால், உருகிய மெழுகு தானாகவே மரைக்குள் இழுபட்டுப் போகும். ஸ்டட் முறிந்தே போனாலும் வழி இருக்கிறது. மிச்சத்தின்மேல் ஒரு புது நட்டை வைத்து உள்ளே வெல்டிங் வைப்பார்கள். பிடிக்க ஒரு தலையும் கிடைக்கிறது, துருவை உடைக்கச் சூடும் கிடைக்கிறது. முறிந்த ஸ்டட்டில் துளை போட்டு, ஈஸி-அவுட் என்ற கழற்றுக்கருவியை இறக்கிப் பலமாகத் திருகுவதைத்தான் மேஸ்திரி கடைசிவரை தள்ளிப்போடுவார். அது உள்ளே ஒடிந்தால் அந்தக் கடினமான எஃகைச் சாதாரண டிரில் தொடாது.

இத்தனை பாடும் எதனால்? ஒரு போல்ட்டை முடுக்க நாம் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது. மீதி ஒரு பங்குதான் போல்ட்டைச் சற்றே நீளவைத்து, அந்த இழுப்பால் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. அளவுக்கு மீறி நீட்டினால் போல்ட் பழைய நிலைக்குத் திரும்பாது, பிடிப்பும் குறையும். கழன்றுவிடுமோ என்ற பயத்தில் குழாயைச் செருகி முடுக்குகிறவர் பலத்தைக் கூட்டுவதாக நம்பிக்கொண்டு அதை அழிக்கிறார். பயத்தில் முடுக்கிய போல்ட் எது, நிதானத்தில் முடுக்கிய போல்ட் எது என்பதை இப்போது என்னால் கைவைத்தே சொல்ல முடிகிறது.

அடுத்தவரை நினைத்த கைகளும் இருந்திருக்கின்றன. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் மேனிஃபோல்டுக்குப் பித்தளை நட் போட்டிருப்பார்கள். அது துருப்பிடித்து எஃகு ஸ்டட்டோடு ஒன்றிப்போகாது. ரொம்பவும் இறுகினால் மலிவான நட் கெடுமே தவிர ஸ்டட்டுக்குச் சேதம் வராது. கம்பிச் சக்கரங்களை ஒரே பெரிய காது நட்டால் பூட்டுவார்கள். ஓட்டத்தில் தானாகக் கழலாதிருக்கக் காரின் வலப்பக்கத்துக்கு இடது மரையும் இடப்பக்கத்துக்கு வலது மரையும் வைத்து, எந்தத் திசையில் தட்டினால் கழலும் என்று அம்புக்குறியை அந்த நட்டிலேயே பொறித்தார்கள். இங்கிலாந்தின் கார் தயாரிப்பாளர் மோரிஸின் கதை இன்னும் சுவாரஸ்யம். முதல் உலகப் போரின்போது பிரான்சின் ஹாட்ச்கிஸ் நிறுவனம் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஆலை போட்டது. போர் முடிந்ததும் அது மோரிஸுக்கு இன்ஜின் செய்துகொடுத்தது. 1923இல் மோரிஸே அந்த ஆலையை வாங்கிவிட்டார். இயந்திரங்கள் பிரெஞ்சு என்பதால் போல்ட்டின் மரை மெட்ரிக். ஆனால் தலையை மட்டும், உள்ளூர் மெக்கானிக்கின் கையில் இருக்கும் விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர் பொருந்தும்படி செய்தார்கள். அந்த வழக்கம் எம்ஜி கார்களின் இன்ஜின்களில் 1955 வரை நீடித்தது. கண்ணால் பார்க்காத ஒருவரின் பெட்டியில் என்ன ஸ்பேனர் இருக்கும் என்று யோசித்த அந்த மனிதர்களை நான் மதிக்கிறேன். விட்வொர்த் ஸ்பேனர் பொருந்துவதைப் பார்த்து மரையும் விட்வொர்த்தான் என்று நம்பி, பொருந்தாத நட்டை ஏற்றி அழித்தவர்களும் உண்டு. அக்கறை இருந்தால் போதாது, அதை எங்கேயாவது எழுதியும் வைக்க வேண்டும்.

எங்கள் குடும்பங்களில் இந்த எழுதிவைப்பதுதான் நடப்பதில்லை. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன மனையில் நானும் தம்பியும் சேர்ந்து வீடு கட்டுவதென்று முடிவானது. பிற்காலத்தில் ஒருவர் விலக நேர்ந்தால் எந்தத் தளம் யாருக்கு, மாடிப்படி யாருக்கு, கரண்ட் மீட்டர் எப்படிப் பிரியும் என்பதைப் பத்திரத்தில் இப்போதே எழுதிவிடலாம் என்றேன். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

“கால்கோள் போடுறதுக்கு முன்னாடியே பிரியறதைப் பத்திப் பேசலாமாடா? வாயில நல்ல வார்த்தை வராதா?”

அம்மா சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சுபகாரியத்தில் பிரிவைப் பேசக் கூடாது என்பதற்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது: வழி திறந்திருந்தால் போய்விடுவார்கள். ஸ்டியரிங் மூட்டில் இருக்கும் கோட்டை நட்டை நினைத்துக்கொண்டேன். அதில் பிளந்த பின் ஒன்றைச் செருகி மடக்கியிருப்பார்கள். எந்தக் குண்டுகுழியிலும் அது கழலாது. உயிர் அதை நம்பி ஓடுகிறது. ஆனால் ஒரு குறடு இருந்தால் பின்னை நிமிர்த்தி யாரும் கழற்றலாம். கழற்ற முடியும் என்பது அதன் பிடிப்பை எள்ளளவும் குறைக்கவில்லை.

அம்மாவின் பக்கத்து நியாயமும் அதே காரிலேயே இருக்கிறது. ஹெரால்டின் முன்சக்கரத்தின் அடியில் டிரனியன் என்ற வெண்கல மூட்டு உண்டு. அது செங்குத்தான எஃகுத் தண்டின் மரையில் ஏறியிருக்கும். ஒரு பக்கம் இடது மரை, மறுபக்கம் வலது மரை. முழுக்க ஏற்றிவிட்டு ஏறக்குறைய ஒரு சுற்று பின்வாங்கிவிட வேண்டும், ஏனென்றால் ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் அந்த மரையே திரும்பும். இறுக்கவே கூடாத மரை அது. அதற்குக் கியர் ஆயில் விடச் சொல்லியிருந்தார்கள். நல்லெண்ணத்தோடு பலர் கிரீஸ் அடித்தார்கள். கிரீஸ் கீழே இறங்காமல் கெட்டியாகி, அடியில் தண்ணீர் தேங்கி, எஃகு அரித்து, ஓடுகிற காரில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கியது. வீட்டு மனுஷர்களுக்குள் இருப்பது பெரும்பாலும் இந்த மாதிரி மரைதான் என்று நினைக்கிறேன். பத்திரம் அதற்கு எண்ணெய் விடாது. நாங்கள் இரண்டு பேரும்தான் போய்ப் பார்த்து, பேசி, விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதை அம்மாவிடம் சொன்னேன், காரைச் சொல்லாமல்.

பத்திரம் எழுத உட்கார்ந்த அன்று தம்பி மாடிப்படியை வெளிப்பக்கம் வைத்துவிடலாம் என்றான். அப்படியானால் அதைப் பிரிக்கவேண்டிய பேச்சே வராது. மீட்டர் இரண்டாக இருக்கட்டும் என்று நான் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “கிணத்துத் தண்ணி எப்பவும் ரெண்டு வீட்டுக்கும் பொதுன்னு எழுதிடு. அதை மட்டும் யாரும் பிரிக்க முடியாதபடி எழுது” என்றாள். எழுத்தரிடம் அதைத் தனிப் பத்தியாகவே போடச் சொன்னோம்.