மனக்கலக்கம் தீர அய்யா காட்டிய அன்றாட ஒழுக்கம்



உடம்புக்கு நோய் வந்தால் வீட்டார் உடனே கண்டுகொள்வார்கள். மனதுக்கு நோய் வந்தால் வந்தவருக்கே தெரிய நாளாகும். கடன் தொல்லையாலோ, பெற்ற பிள்ளையின் பிரிவாலோ மனம் உடைந்தவருக்குக் குளிக்கத் தோன்றாது. சோறு இறங்காது. தூக்கம் பிடிக்காது. நாலு பேர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது. ஞாயிறுதோறும் தாங்கலுக்கு வந்தவர் வராமலே நின்றுவிடுவார்.

அய்யா வைகுண்டர் தம் மக்களைத் தேற்றிய விதத்தை இங்கே நினைக்க வேண்டும். வரியாலும் ஊழியத்தாலும் ஒடுங்கிக் கிடந்த மக்கள் அவர்கள். அவர்களில் 700 குடும்பத்தாரைக் கடற்கரையில் துவையல் தவசு இருக்கச் சொன்னார் அய்யா. நாள்தோறும் மூன்று நேரம் குளிப்பது, துணி துவைப்பது, ஒரு நேரம் உண்பது, கூடி அய்யாவை நினைப்பது. இவ்வளவுதான் தவசு. குனிந்து பழகிய அந்த மக்கள் நிமிர்ந்து நிற்கத் தொடங்கியது இப்படித்தான்.

அந்தத் தவசை இன்று வீட்டிலேயே செய்யலாம். விடியுமுன் எழுந்து குளித்து, துவைத்த துணி உடுத்தி, நெற்றியில் நாமம் இட்டு, சற்று நேரம் அய்யாவை நினைக்க வேண்டும். மனம் வராத நாளிலும் உடம்பு எழுந்து குளித்துவிட்டால் மனம் மெல்லப் பின்னால் வரும். ஒரு நேரமாவது வீட்டார் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும். அப்போது கைபேசி அப்பால் இருக்கட்டும். மாலையில் சிறிது தூரம் நடக்க வேண்டும். தாங்கல் முற்றத்தைப் பெருக்குவதும் தண்ணீர் கோருவதும் தர்மமே. பிறருக்கு ஒரு வேலை செய்தவன் தன் கவலையைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்கிறான். கவலையை மறக்கக் குடிப்பவனுக்கோ மறுநாள் அது இரட்டிப்பாகும்.

பள்ளியறையில் சிலை கிடையாது. விளக்கும் கண்ணாடியும் உண்டு. மனம் சோர்ந்தவர் தம் முகத்தையே வெறுப்பார். அந்த முகத்துக்குள்தான் அய்யா இருக்கிறார் என்று சொல்லவே கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகை கட்டி அதன் முன் நிற்பவர் தம்மை இழிவாக எண்ண வேண்டியதில்லை.

இவற்றாலும் தீராத கலக்கம் உண்டு. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அய்யாவை நம்புகிறவர் மாத்திரை சாப்பிடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. காய்ச்சலுக்குச் சாப்பிடுகிறவர் இதற்கும் சாப்பிடலாம். நம்பிக்கைக்கு அதனால் குறைவில்லை. பேய்க்கோளாறு என்று மந்திரவாதியிடம் அழைத்துப் போவதுதான் தவறு. பேய்ப் பயத்தை மக்களிடமிருந்து நீக்கியவரே அய்யா.

தாங்கலில் ஒருவரை இரண்டு ஞாயிறு காணவில்லை என்றால், மூன்றாம் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். தர்ம அன்னத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அறிவுரை ஒன்றும் தேவையில்லை. அவர் உண்ணும்வரை அருகில் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டால் போதும். தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கிவிடுவதை விடப் பெரிய பணிவிடை அன்புக்கொடி மக்களுக்கு இல்லை.

அய்யா துணை.