பாலில் பிறர் பங்கு

'தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. தன் வீடு நிறைந்த பின்னரே அடுத்த வீட்டை எண்ணலாம் என்று அதற்குப் பொருள் கொள்கின்றனர். பிள்ளைகளைப் பெற்று வளர்ப்போர்க்கு இஃது அறிவுடைமையாகவே தோன்றும். இருப்பது ஓரளவு; அதில் பிறருக்குச் சென்றதெல்லாம் பிள்ளைக்குக் குறைந்தது என்பதே இதன் அடியில் கிடக்கும் கணக்கு. இக்கணக்கு எவ்விடத்தும் மெய்தானா? இவ்வினாவை நூல்களில் தேடுமுன் தாய்ப்பாலில் தேடிப் பார்ப்போம். தன் பிள்ளைக்கென்றே சுரக்கும் பொருள் அதனினும் வேறில்லை அன்றோ!

தாய்ப்பாலின் திடப்பொருள்களில் முதலிடம் பால் சர்க்கரைக்கும் இரண்டாமிடம் கொழுப்புக்கும் உரியன. அவற்றையடுத்து, புரதத்திற்கு ஈடான அளவில், ஒருவகைக் கூட்டுச் சர்க்கரைகள் உள்ளன. இவற்றில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகளை அறிஞர்கள் இனங்கண்டுள்ளனர். ஒரு லிட்டர் பாலில் இவை ஏறத்தாழ 5 முதல் 15 கிராம் வரை இருக்கும். பேறுகாலத்தை அடுத்துச் சுரக்கும் சீம்பாலில் இன்னும் மிகுதி. வியப்பு யாதெனில், இவற்றைச் செரிக்கும் ஆற்றல் குழந்தையின் குடலுக்கு இல்லை. இரைப்பையையும் சிறுகுடலையும் கடந்து, பெரும்பகுதி மாறாமலே பெருங்குடலை அடைகின்றன. தாய் தன் உடலின் சத்தைச் செலவிட்டு ஆக்கிய பொருள் பிள்ளைக்கு உணவாகவில்லையெனில், அது யாருக்கு உணவு?

விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. பிறந்த குழந்தையின் குடலில் நுண்ணுயிர்கள் எத்துணை விரைவில் குடியேறுகின்றன என்பதை 1885-இல் தியோடர் எஷரிக் என்னும் குழந்தை மருத்துவர் விவரித்தார். பின்னர், பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தில் பணிபுரிந்த ஆன்றி திஸ்ஸியே, தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளிடம் ஒரு தனி இனம் செழித்திருப்பதைக் கண்டார். இன்று அதனை பிஃபிடோபாக்டீரியம் என்கிறோம். 1950-களில் பால் ஜியார்ஜியும் ரிச்சர்ட் கூனும், தாய்ப்பாலிலுள்ள அச்சர்க்கரைகளே இவ்வினத்தை வளர்க்கின்றன என்பதை வெளிப்படுத்தினர். ஆக, தாயின் மார்பில் சுரக்கும் பாலில் ஒரு பங்கு பிள்ளைக்கன்று; பிள்ளையிடம் வந்து தங்கிய விருந்தினருக்கே உரியது.

அவ்விருந்தினர் உண்டுவிட்டுச் சும்மா இருப்பதில்லை. சர்க்கரையை அமிலமாக்கிக் குடலில் புளிப்பேற்றுகின்றனர். தீய கிருமிகள் பல அங்கே தழைக்க இயலாது போகிறது. இதனினும் பெரிய பணி ஒன்றுண்டு. குழந்தையின் நோயெதிர்ப்பு அணுக்கள் போர்க்கருவிகளோடு பிறக்கின்றனவேயன்றி, எவரோடு போரிடுவது, எவரிடம் பொறுத்திருப்பது என்னும் பயிற்சியை முழுமையாகப் பெற்றுப் பிறப்பதில்லை. அப்பயிற்சியை அளிப்பவருள் இக்குடலுயிர்களும் உண்டு. 2021-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பிஃபிடோபாக்டீரியா வாய்க்காத குழந்தைகளின் இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் மிகுந்திருந்தன. தாக்குவதற்கு மட்டுமன்று, தாக்காமல் இருப்பதற்கும் உடலுக்குக் காவலர் வேண்டும். அத்தகைய அடக்கும் அணுக்களைப் பற்றிய கண்டுபிடிப்புக்கே 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இப்பயிற்சி மாறுபட்டால் என்னாகும்? பின்லாந்தையும் ரஷியாவின் கரேலியாவையும் ஓர் எல்லைக்கோடு பிரிக்கிறது. இருபுறத்து மக்களும் மரபிலும் தட்பவெப்பத்திலும் பெரிதும் ஒத்தவர். ஆயினும், தன் கணையத்தைத் தன் உடலே தாக்குவதால் சிறுவர்க்கு வரும் நீரிழிவு, பின்லாந்தில் ஏறத்தாழ ஆறு மடங்கு மிகுதி என்று 2005-இல் அறிவிக்கப்பட்டது. பின்னர், எஸ்தோனியாவையும் சேர்த்து 222 குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்து கண்ட ஆய்வொன்று 2016-இல் வெளிவந்தது. எதிர்ப்பு அணுக்களைத் தட்டியெழுப்பாத நுண்ணுயிர் வகைகள் பின்லாந்து, எஸ்தோனியக் குழந்தைகளிடம் மிகுந்தும், தட்டியெழுப்பிப் பழக்கும் வகைகள் ரஷியக் குழந்தைகளிடம் மிகுந்தும் இருந்தன. காரணம் இதுவொன்றே என்று முடிவுகட்டுதல் முறையன்று. எனினும் அந்நியரோடு பழகாத காவலன், ஒருநாள் தன் வீட்டாரையே அந்நியராகக் காணக்கூடும் என்பது சிந்திக்கத்தக்கது.

'அப்படியாயின் வருவோர்க்கெல்லாம் கதவைத் திறப்பதா?' என்று அன்பர் வினவலாம். இல்லை. காலராவும் தொண்டை அடைப்பானும் கொண்டுசென்ற குழந்தைகளின் தொகை சிறிதன்று. தூய நீரும் தடுப்பூசியும் அருட்கொடைகளே. நன்கறிந்ததும் கேடு செய்யலாம். பிறந்த குழந்தையின் நாவில் சேனை என்று தேன் தடவும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. தேனில் ஒரு நச்சுக் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியோர் குடலில் முன்னரே குடியேறியோர் அவற்றை முளைக்க விடார்; ஒரு வயது நிரம்பாத குழந்தையிடம் அவை முளைத்து, தசைகளைத் தளர்த்தும் நஞ்சை உமிழக்கூடும். இந்நோய் 1976-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இனங்காணப்பட்டது. சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டுத் தேனைத் தடவுவோர், நண்பரை வெளியேற்றிவிட்டுப் பகைவர்க்கு வழிவிடுகின்றனர். இனிப்பதெல்லாம் நட்பன்று, அந்நியமானதெல்லாம் பகையுமன்று. செயலைக் கொண்டே தரம் பிரித்தல் வேண்டும்.

இனி, நுட்பமானதொரு தடையைக் காண்போம். 'விருந்தினர் காவல் செய்கின்றனர். ஆதலால் பால் அவர்க்கு உணவிடுகிறது. இது கொடுக்கல் வாங்கல். அறமன்று' என்பர் சிலர். அவர் சொல்வது சரியே. பாலுக்கு நிய்யத் இல்லை. நிய்யத் இல்லாத செயலை அறமென்று அழைக்கவியலாது. இயற்கை நமக்குக் கட்டளையிடுவதில்லை. ஆனால் நாம் சொல்லிவந்த ஒரு சாக்கை அது பறித்துவிடுகிறது. 'என் பிள்ளைகளின் பங்கு குறைந்துவிடும்' என்பதே அச்சாக்கு. கொடுப்பதா மறுப்பதா என்பது நம் பொறுப்பில் அப்படியே இருக்கிறது. பிள்ளையைக் காரணம் காட்டி மறுக்கும் வசதி மட்டும் நம் கையைவிட்டுப் போகிறது.

பால் சுரக்காத தாயர் இதனைப் படித்து மனம் வருந்தலாகாது. அறுவை மருத்துவத்தால் பிழைத்த உயிர்கள் எத்தனையோ! அவ்வாறு பிறந்த குழந்தைகளின் குடலில் முதலில் காணும் வேறுபாடு, மாதங்கள் செல்லச் செல்லப் பெரிதும் குறைகிறது. ஒடிசாவின் சிற்றூர்களில் 4,556 குழந்தைகளைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. நல்ல நுண்ணுயிரொன்றையும் அதற்குரிய சர்க்கரையையும் ஏழு நாள் கொடுத்ததில், இரத்தத்தில் கிருமி பரவும் நோயும் மரணமும் சேர்ந்து நூற்றுக்கு 9 என்பதிலிருந்து 5.4 ஆகக் குறைந்தன. அவை இரண்டு கிலோவுக்குக் குறையாத எடையோடு பிறந்த நலமான குழந்தைகள். குறைமாதக் குழந்தைக்கு அத்தகைய மருந்து ஆபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2023-இல் எச்சரித்தது. மருத்துவர் சொல்லின்றி எதையும் கொடுத்தல் கூடாது. மேலும், பிறள் பாலுண்ட பிள்ளை அவளுக்கும் பிள்ளையே என்று உறவு வகுத்த சமுதாயம் நம்முடையது. தாய்க்கு இயலாதபோது அப்பொறுப்பு அவளைச் சூழ்ந்தோர் அனைவர்க்கும் உரியது. அங்கே குற்றஞ்சாட்டும் உரிமை எவர்க்கும் இல்லை.

பிள்ளைச் செல்வம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைச் சுற்றி மதிலெழுப்புவதே பாதுகாப்பு என்று நாம் எண்ணிவிடுகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு விளையாடாதே, அவர் பாத்திரத்தில் உண்ணாதே, நம்மிடம் உள்ளதை வெளியே காட்டாதே என்றெல்லாம் சொல்லி வளர்க்கிறோம். பிள்ளை வாய் திறந்து ஒரு சொல் பேசுமுன்னரே, அதன் உணவில் பிறர்க்கும் ஒரு ஹக்கு வைக்கப்பட்டிருந்தது. அப்பங்குதான் அதனைக் காத்து நின்றது. பால்குடி மறந்த பின்பு அப்பங்கை எடுத்து வைக்கும் கடமை யாருடையது என்பதே, பெற்றோராகிய நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.