நிராசை பேசிய ஒன்பது வரிகள்

ஸ்பென்ஸரின் 'ஃபேரி குவீன்' காவியத்தில் ஒரு செய்யுளின் கடைசி இரண்டு வரிகளை, பேசுகிறவன் யார் என்று தெரியாமலே பல வருஷங்கள் மனப்பாடமாக வைத்திருந்தேன். ஏதோ மேற்கோள் தொகுப்பில் கிடைத்தவை. தகப்பனாரை இழந்த நண்பர் ஒருவருக்கு எழுதிய அனுதாபக் கடிதத்தில் அவற்றையே எழுதினேன். ஆறுதலாக இருந்தது என்று பதில் வந்தது. பிறகுதான் 1590-இல் வெளியான முதல் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தேன். ஒன்பதாம் சருக்கம், 40ஆவது செய்யுள். பேசுகிறவன் பெயர் நிராசை. குகையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களைப் பேசிப்பேசியே தற்கொலைக்கு அனுப்புகிறவன்.

அவன் பேச்சுக்கு மயங்கிய டெர்வின் என்ற வீரன் பக்கத்தில் ரத்தத்தில் கிடக்கிறான். ரத்தத்தில் இன்னும் சூடு இருக்கிறது. நியாயம் கேட்க வந்து நிற்கிறான் செஞ்சிலுவை வீரன். செய்யுள் அந்தப் பிணத்தைக் காட்டித் தொடங்குகிறது. செத்தவனுக்குக் கிடைத்துவிட்டது, நீயோ அதற்கு ஏங்கிக்கொண்டே விலகி அலைகிறாய் என்பது முதல் மூன்று வரிகளின் சாரம். அப்புறம் இரண்டு கேள்விகள், வேறு பதிலுக்கு இடமில்லாத தொனியில். பிறகு கடைசி இரண்டு வரிகளில் நான்கு ஜோடிகள். உழைத்தவனின் தூக்கம், புயலில் தப்பிய கப்பலின் துறைமுகம், போர் முடிந்த ஓய்வு, நான்காவதாகச் சாவு. நான்கையும் கட்டுவது 'பிறகு' என்று பொருள்படும் ஒரே சொல். இனிது என்று தீர்ப்புச் சொல்லும் வினை நான்குக்கும் பொதுவாக ஒரே தடவை, கடைசியில் வருகிறது.

முதல் மூன்றையும் அனுபவத்தில் ஒப்புக்கொள்கிறோம். ஒப்புக்கொண்ட வேகத்திலேயே நான்காவதையும் விழுங்கிவிடுகிறோம். தூங்கியவன் எழுந்துதான் தூக்கத்தைச் சுகம் என்கிறான். கரை சேர்ந்தவன் கரையில் நிற்கிறான். நான்காவதில் அப்படிச் சொல்ல ஆள் மிஞ்சுவதில்லை. தர்க்கத்தில் இவ்வளவு பெரிய ஓட்டை, ஓசையில் தெரியவே இல்லை. ஸ்பென்ஸரின் செய்யுளில் எட்டு வரிகள் ஐந்து சீர், ஒன்பதாவது மட்டும் ஆறு சீர். அந்த ஒரு சீர் நீட்சியில் எப்போதும் ஒரு நிம்மதி உண்டு. சாவு வந்து உட்காருவது அந்த நீண்ட வரியில். இரண்டாம் வரியில் ஏக்கத்தைக் குறிக்கும் சொல்லில் தொடங்கும் இயைபு, ஐந்தாவதில் அலையைத் தொட்டு, ஏழாவதில் கல்லறையில் போய் முடிகிறது. சுகம் என்ற சொல் ஒன்பது வரிக்குள் மூன்று தடவை. தாலாட்டின் உத்தி என்றே சொல்லலாம்.

ஏழாம் வரியில் ஒரு பொய்யும் இருக்கிறது. ஆன்மா கல்லறையில் உறங்கும் என்கிறான். இங்கிலாந்துத் திருச்சபை 1553-இல் வெளியிட்ட 42 விதிகளில் மறுத்த கொள்கை அது. சில செய்யுள்கள் கழித்து இதே நிராசை நரகத்தின் சித்திரத்தைக் காட்டி பயமுறுத்துகிறான். அங்கே எந்த ஆன்மாவும் உறங்கவில்லை. முரண்பாட்டை வீரன் கவனிக்கவில்லை. முதல் வாசிப்பில் நானும் கவனிக்கவில்லை.

வீரன் நல்ல பதில்தான் சொல்கிறான்: தளபதி உத்தரவில்லாமல் சிப்பாய் காவலை விட்டுப் போகக்கூடாது என்று. ஆனால் அதற்கு முன்னால் எதிராளியின் சாமர்த்தியத்தை வியக்கிறான். வியந்த இடத்திலேயே தோற்றுவிட்டான் என்று எனக்குப் படுகிறது. அந்தக் கணத்தில் அவன் நம்மைப் போன்ற ஒரு விமர்சகன். கடைசியில் கை நடுங்கக் கத்தியை ஓங்கும்போது காப்பாற்றுகிறவள் ஊனா. இந்த 40ஆவது செய்யுளின் வாதத்தை அவள் தொடுவதே இல்லை. கத்தியைப் பிடுங்கித் தரையில் எறிகிறாள், திட்டுகிறாள், அருளை நினைவூட்டுகிறாள், எழுந்து வா என்கிறாள். நிராசை பிறகு தானே தூக்குப் போட்டுக்கொள்கிறான், சாவு வருவதில்லை. ஆயிரம் தடவை முயன்றவனாம்.

ஜோஸஃப் கான்ராட் 1923-இல் 'தி ரோவர்' நாவலின் முகப்பில் இதே இரண்டு வரிகளை வைத்தார். மறு வருஷம் இறந்தார். கான்டர்பரியில் அவர் கல்லறைக் கல்லிலும் அவைதான். 1878-இல், இருபது வயதில், மார்ஸேயில் தன் மார்பில் சுட்டுக்கொண்டு பிழைத்தவர் அவர். கடல் அறிந்த கிழவருக்கு அந்தத் துறைமுகம் பொருத்தம் என்பதை மறுக்கமாட்டேன். இறந்தவரைப் பற்றிச் சொல்லும்போது அது ஆறுதல். இருப்பவனிடம் சொல்லும்போது கத்தி. ஆனால் கல்லறைக் கல்லைப் படிப்பவன் இருப்பவன்தானே? கவிதையை ஆசிரியனிடமிருந்து பிரித்துப் படிக்கப் பழகிக்கொண்டோம். பேசுகிற பாத்திரத்திடமிருந்தும் பிரிக்கலாமா? பிரித்தால் வரி பிழைக்கிறது, அழகாகவே. டெர்வினின் பிணம்தான் பார்வையிலிருந்து போய்விடுகிறது. கெட்டிக்காரக் கவிஞன் என்று ஸ்பென்ஸரைப் பாராட்டும்போதெல்லாம் அந்தப் பிணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்ற வருஷம் அந்த நண்பரைப் பார்க்கப் போனேன். என் கடிதத்திலிருந்து இரண்டு வரிகளை மட்டும் கத்தரித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். தகப்பனாருக்காகவா, தமக்காகவா என்று கேட்க நினைத்தேன்; கேட்கவில்லை. யார் பேசுவது என்பதை மட்டும் சொன்னேன். கொஞ்சநேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நன்றாகத்தானே பேசுகிறான்" என்றார்.

எழுந்திருங்கள், கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்றேன்.