திருத்தமும் வழங்கலும்

ஒருவன் ஆற்றிய பணி ஏட்டில் எழுதப்படாது விடுபட்டுப் போனால், அப்பணி ஆற்றப்படாத ஒன்றாகிவிடுமா? ஆகாது என்பதே எவரும் தயங்காது கூறும் விடையாகும். நிகழ்ந்தது நிகழ்ந்ததே, எழுத்தர் ஒருவரின் பேனா அதனை உண்டாக்கவுமில்லை, இல்லாமற் செய்யவும் இயலாது. ஆயினும் அரசும் அலுவலகமும் இவ்விடையின்படி ஒழுகுவதில்லை. அவற்றின் முன்னிலையில் ஏட்டில் உள்ளதே உள்ளது. ஏட்டில் இல்லாதவன் உடலிலே தழும்பைச் சுமந்து நின்றாலும் அவனிடம் சான்று கேட்கப்படுகின்றது. அச்சான்றினைத் தேடித் தரவேண்டியவர் யார், பணி செய்தவனா, ஏட்டை வைத்திருந்தவனா என்பதும், ஏடு பிழையென்று கண்டபின் அதனைச் சரிசெய்யும் செயலுக்கு என்ன பெயரிடுவது என்பதும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

இவ்வினாக்கள் மிகத் தெளிவாக எழும் களம் படைத்துறையாகும். போர் முடிந்து விடுவிப்புப் பத்திரத்துடன் வீடு திரும்பிய வீரன் ஒருவன், பல ஆண்டுகள் கழிந்தபின், தனக்குரிய பதக்கம் அப்பத்திரத்திற் குறிக்கப்படவில்லை என்பதை அறிகின்றான். அவன் காயம்பட்டது உண்மை, உடனிருந்தோர் அறிவர். ஆனால் உரிய இடத்தில் உரிய சொல் எழுதப்படவில்லை. இத்தகையோரின் முறையீடுகளைக் கேட்பதற்கென ஐக்கிய அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் வழியாகப் படைத்துறைப் பதிவுகளைத் திருத்தும் சபைகள் தோன்றின. அதற்கு முன்னர் இத்தகைய குறைகளுக்குப் பரிகாரம் வேண்டின் காங்கிரசிலே தனிச் சட்டமூலம் கொண்டுவர வேண்டியிருந்தது. சபைகளுக்கு அளிக்கப்பட்ட அதிகாரம் பிழையைத் திருத்துவதும் அநீதியை நீக்குவதுமாகும். பிழை வேறு, அநீதி வேறு என்பதைச் சட்டமே உணர்ந்திருந்தமை கருதத்தக்கது. கவனக்குறைவால் விடுபடுவது பிழை. எழுத வேண்டியதில்லை என்று எவரோ எண்ணியமையால் விடுபடுவது அநீதி. இரண்டாம் உலகப் போரின்போது அந்நாட்டின் அதியுயர் வீர விருது கறுப்பினப் படைவீரர் ஒருவருக்கேனும் கொடுக்கப்படவில்லை. ஐம்பதாண்டுகளுக்கு மேல் கழிந்து, 1997ஆம் ஆண்டு சனவரியில், எழுவருக்கு அது அளிக்கப்பட்டபோது உயிரோடிருந்தவர் வேர்னன் பேக்கர் என்னும் ஒருவர் மட்டுமே. அவ்வெழுவரின் விருதுகளும் எழுத்தரின் கைப்பிழையால் விடுபட்டன என்று எவரும் கூறார்.

இச்சபைகளின் நடைமுறையில் இரண்டு செய்திகள் நோக்கற்குரியன. முதலாவது, அரச ஏடு சரியானதென்றே தொடக்கத்திற் கொள்ளப்படும். அது பிழையென்று காட்டும் பொறுப்பு முறையிடுபவனுடையது. இரண்டாவது, முறையீடு ஏற்கப்பட்டால் தீர்ப்பு எழுதப்படும் பாங்கு. இன்று இவனுக்குப் பதக்கம் கொடுக்கின்றோம் என்று சபை கூறுவதில்லை. இவன் பதக்கம் பெற்றவன் என்பதைக் காட்டுமாறு பதிவு திருத்தப்படுக என்று கூறுகின்றது. சொல் சிறிதாயினும் பொருள் பெரிது. கொடை நிகழ்காலத்திற்கு உரியது. திருத்தமோ இறந்தகாலத்தைப் பற்றிய ஓர் ஒப்புதல்.

முதலாவது செய்தியின் கடுமை 1973ஆம் ஆண்டு யூலை 12ஆம் நாள் வெளிப்பட்டது. சென் லூயிஸ் நகரிலிருந்த தேசிய ஆளணிப் பதிவு நிலையத்தில் மூண்ட தீயில் 160 முதல் 180 இலட்சம் வரையான படைவீரர் கோப்புகள் எரிந்தழிந்தன. 1912 முதல் 1960 வரையான காலத்திற் தரைப்படையிலிருந்து விலகியோரின் கோப்புகளுள் ஐந்தில் நான்கு பங்கு அதில் அடங்கும். அவற்றுக்குப் படிகளும் இல்லை, நுண்படங்களும் இல்லை. அதன்பின் பதக்கம் கோரி வந்த முதியவர், தம்மிடம் ஒருபோதும் இருந்திராத கோப்பின் சாம்பலுக்குப் பொறுப்பாளியாகி நின்றார். பதிவு நிலையத்தார் பிற அலுவலகங்களிற் கிடந்த துணைப் பதிவுகளைக் கொண்டு பல கோப்புகளை மீளக் கட்டமைத்தனர் என்பதையும் நேர்மையுடன் கூறவேண்டும். அவற்றுள் முதன்மையானது இறுதிச் சம்பளச் சீட்டு. வீரத்தைப் பதிந்த ஏடு எரிந்தபின்னும் கூலியைப் பதிந்த தாள் எஞ்சியிருந்தது.

ஏடு வைத்திருப்போனே தன் ஏட்டின் குறையைத் தேடிச் சென்றமைக்கும் உதாரணம் உண்டு. இறந்த வீரர் அனைவரையும் தரம் பாராது ஒரே வகையாக நினைவுகூர்தல் வேண்டும் என்னும் கொள்கையுடன் 1917இல் நிறுவப்பட்டது இன்றைய பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு. அதன் விசாரணைக் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை, முதலாம் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆபிரிக்க வீரரும் ஏவலரும் குறைந்தது 1,16,000 பேர், ஒருகால் 3,50,000 பேர் வரை, பெயர் பொறித்தோ அன்றி எவ்வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை என ஒப்புக்கொண்டது. இறந்தவர் விண்ணப்பம் எழுத இயலாது. ஆகவே தேடும் கடன் ஏட்டுக்குரியவனையே சாரும் என்பது அங்கு வேறு வழியின்றித் தெளிவாயிற்று. உயிரோடிருப்பவன் விண்ணப்பம் எழுத வல்லவன் என்பதனால் மட்டும் அக்கடன் அவன் தோளுக்கு மாறிவிடுமா?

மாறும் என வாதிப்போரும் உளர். அவர் வாதம் எள்ளத்தக்கதன்று. வாய்ச்சொல்லை நம்பி ஏட்டைத் திருத்தினால் பொய்யரும் பதக்கம் அணிவர். மெய்யாகவே பெற்றவனின் பதக்கம் மதிப்பிழக்கும். ஆதலாற் சான்று வேண்டும் என்பது சரியே. ஆனால் சான்று வேண்டும் என்பதும் அதனை இவனே கொணரவேண்டும் என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலேதான் வழு நேர்கின்றது. இன்னொரு சாரார், முதுமையிற் பதக்கம் நாடுவது புகழாசை என்பர். தமிழர் மரபு அவ்வாறு கருதவில்லை. தொல்காப்பியம் நடுகல் எடுத்தலைக் காட்சி, கால்கோள் முதலாக நிரல்படுத்திக் கூறும். அக்கல் வீழ்ந்தவனின் ஆசைக்காக நடப்பட்டதன்று; அவன் காத்த ஊர் தன் கடனை மறவாதிருக்க நட்டது. திருத்தப்பட்ட ஏடும் அத்தகையதே.

இதுவரை கூறியவை சீருடை அணிந்தோரைப் பற்றியன. சீருடை அணியாமலே போருக்குப் பணி செய்தோரும் உளர். அவருள் ஒரு சாரார் சப்பிரகமுவ மாகாணத்தின் தோட்டங்களில் வாழ்ந்தனர். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தாழ்ந்த மலைச் சரிவுகள் இறப்பருக்கு உரியன. 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்து, மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமானதும், நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் கிடைக்கும் முதன்மை இடமாக இலங்கை ஆயிற்று. மரம் பட்டுப்போனாலும் ஆகட்டும் என்று மிகைப் பால்வெட்டு ஊக்குவிக்கப்பட்டது. விமானச் சக்கரங்களுக்கும் இராணுவ வண்டிகளுக்கும் வேண்டிய பொருள் எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் விடியுமுன் கத்தியோடும் வாளியோடும் மலையேறிய தமிழ்த் தொழிலாளரின் கைகளாலேயே வடிக்கப்பட்டது. அவர்கள் கூலி பெற்றனரே, அது எங்ஙனம் சேவையாகும் எனின், படைவீரனும் சம்பளம் பெற்றவனே. தோட்டத் துரைமாருக்கு 'இலங்கைப் பிளான்டர்ஸ் ரைபிள் கோர்' என்னும் படையணி இருந்தது. 1915இல் கலிப்பொலிப் போர்முனை வரை சென்றதனால் அதன் பெயர் வரலாற்றில் இடம்பெற்றது. துரை படைக்குச் சென்றதும் சேவை, தொழிலாளி மலைக்குச் சென்றது வெறும் வேலை என்று பகுத்தது எந்த அறநூலும் அன்று.

தொழிலாளிக்கு இருந்த ஏடு ஒன்றே. அது செக்றோல். தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' என்று பெயர். நாள் முழுதும் உழைத்தால் ஒரு பேர் விழும். கணக்கப்பிள்ளைக்கு நிறைவில்லையேல் அரைப்பேர். உழைப்பின் அளவுக்கும் உழைப்பவனின் பெயருக்கும் ஒரே சொல்லை வழங்கிய இம்மக்களின் மொழி, மெய்யியலார் நீண்ட நூல்களில் விளக்க முயன்ற ஒன்றைப் பிரட்டுக்களத்திலேயே கூறிவிட்டது எனலாம். ஆனால் அப்பேர் எழுதப்பட்ட ஏடு தோட்ட அலுவலகத்துக்கு உரியது, எழுதியவர் கணக்கப்பிள்ளை. அது தன் வாழ்வுக்குச் சான்றாகும் என்றோ, அதன் படியொன்றைத் தான் வைத்திருத்தல் வேண்டும் என்றோ தொழிலாளி எண்ணியிருக்க இடமில்லை.

போர் முடிந்து மூன்றாண்டுகளில் அந்தத் தேவை வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பிறப்பையும் தந்தையின், பாட்டனின் பிறப்பையும் சான்றாகக் கேட்டது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமை பெறுதற்கு, 1946 சனவரி 1ஆம் நாளுக்கு முந்திய இடையறாத வதிவைக் கேட்டது: மணமானோர் ஏழாண்டு, மணமாகாதோர் பத்தாண்டு. கேட்கப்பட்ட காலத்துள் 1942ஆம் ஆண்டும் அடங்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இறப்பருக்காக அரசு அவனை நாடிய அதே நாட்களில் அவன் இந்நாட்டில் இருந்தான் என்பதை அவனே எண்பிக்க வேண்டியதாயிற்று. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடங்கிய விண்ணப்பங்களிற் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

ஏட்டில் தன் பெயரைச் சேர்க்குமாறு சட்டத்தின் வழியே கேட்டோருள் ஒருவர் கேகாலை மாவட்டத்தைச் சார்ந்தவர். கோடாக்கன்பிள்ளை வழக்கு என அது வழங்கும். ருவன்வெல்ல தேர்தல் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் அவர் பெயர் சேர்க்கப்பட மறுக்கப்பட்டது. இடாப்பைத் திருத்தும் அதிகாரி, அம்மறுப்புக்கு ஆதாரமான சட்டம் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரண் எனக் கூறி, அவர் பக்கம் தீர்த்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1953இல் கோமறைக் கழகமும் உயர் நீதிமன்றத்தின் முடிவையே உறுதிப்படுத்தியது. தன் நாட்டினர் யாரென வரையறுத்தல் சட்டமன்றத்தின் உரிமை என்று கூறிய அக்கழகம், இந்தியத் தமிழரின் இடம்பெயரும் வழக்கத்தையும் பொருத்தமான ஒரு செய்தியாகக் கொண்டது. ஒரே மலையில் ஒரே மரவரிசையைத் தலைமுறையாக வெட்டி வந்தவரையும் தழுவியே அக்கூற்று நின்றது.

பின்னர் நிகழ்ந்தவை சுருக்கமாகக் கூறத்தக்கவை. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். தோட்டத்தில் உழைப்பின் அளவாயிருந்த 'பேர்' ஈண்டுத் தலைக்கணக்காயிற்று. 1986, 1988 ஆகிய ஆண்டுகளிற் சட்டங்கள் வந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்தோருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமையை உறுதி செய்தது. பழைய சட்டம் கேட்டது போன்ற சான்றுக் குவியலை இது கேட்கவில்லை. அவ்வகையில் இது போற்றத்தக்கது. ஆனால் அதன் தலைப்பு 'வழங்கல்' என்பது. குடியுரிமை தொடங்கும் நாளும் சட்டம் தொடங்கும் நாளே.

பயன் ஒன்றாயின் சொல்லில் என்ன இருக்கின்றது என நடைமுறை அறிந்தோர் வினவுவர். வாக்குரிமையும் அடையாள அட்டையும் கிடைத்தபின் தலைப்பைப் பற்றி வழக்காடுதல் வீண் என்பர். பசித்தவனுக்குச் சோறு கிடைத்தது நன்றே. ஆயினும் கடனாகத் தரவேண்டிய நெல்லைப் பிச்சையாக அளப்பவன், அளவிற் குறை வையாவிடினும், ஒன்றை மறைக்கின்றான். வழங்கல் என்னும் சொல், ஏடு அன்றும் சரியாகவே இருந்தது, இன்று கருணையினால் ஒரு பெயர் கூட்டப்பட்டது என்கின்றது. திருத்தம் என்னும் சொல்லோ, நீ அன்றும் இங்கிருந்தாய், எழுதாதது எம் பிழை என்கின்றது. பதக்கம் தேடி முறையிடும் முதிய வீரன் வேண்டுவது உலோகத் துண்டை அன்று. அதனைக் கடையிலும் வாங்கலாம். அவன் வேண்டுவது இரண்டாவது வாக்கியத்தை. 2003க்கு முன்னரே நாடற்றவராய் இறந்து, தாம் வெட்டிய மரங்களுக்கருகே புதைக்கப்பட்டோருக்கு முதலாவது வாக்கியத்தாற் பயனில்லை. வழங்கலைப் பெற அவர் இல்லை. திருத்தம் அவருக்கும் செல்லும்.

ருவன்வெல்ல இடாப்பைப் பற்றிய தீர்ப்பு சட்ட அறிக்கைகளில் இன்றும் அவ்வாறே உள்ளது. அது சார்ந்திருந்த 29ஆம் பிரிவு 1972ஆம் ஆண்டு அரசியலமைப்புடன் மறைந்தது. கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழி அதற்கு முந்திய ஆண்டிலேயே மூடப்பட்டது. இலங்கைச் சட்டங்களில் வழங்குதற்கு ஏற்பாடுகள் பல உண்டு. அந்த இடாப்பைத் திருத்துமாறு கேட்கத்தக்க சபை ஒன்று இல்லை.