தற்காப்புக்கு எந்த ரவை?



தன்னையும் தன் குடும்பத்தையும் காக்க ஒருவர் கைத்துப்பாக்கியுடன் வீதியில் நடமாடலாமா என்பது நமக்குத் தூரத்துக் கேள்வியாகத் தோன்றலாம். ஐக்கிய அமெரிக்காவில் அது அன்றாடக் கேள்வி. அங்கு அரைவாசிக்கு மேற்பட்ட மாநிலங்களில், சட்டத்தடை ஏதுமற்ற வயதுவந்த ஒருவர் அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடையினுள் மறைத்துக் கொண்டு செல்லலாம். வீட்டுக்கு வெளியேயும் தற்காப்புக்காக அதனை ஏந்தும் உரிமை உண்டென அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது.

அவ்வாறு வாங்கச் செல்பவரிடம் கடைக்காரர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று: எந்த அளவு ரவை? 9 மில்லிமீற்றரா? ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு விட்டமுள்ள பெரிய ரவையா? சட்டைப்பையில் அடங்கும் சிறு துப்பாக்கியின் சின்ன ரவையா? இதை வெறும் கடைக் கேள்வியென ஒதுக்கிவிட வேண்டாம். இதனுள் ஓர் ஒழுக்கக் கேள்வி ஒளிந்திருக்கிறது.

இவ்விவாதம் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் போரிட்ட அமெரிக்கப் படையினர், தம் சிறிய ரவைகள் பாய்ந்து வருபவரை நிறுத்தவில்லை என முறையிட்டனர். 1904இல் இராணுவம் சிக்காகோ இறைச்சித் தொழுவங்களில் மாடுகளையும், இறந்த மனித உடல்களையும் சுட்டுப் பரிசோதித்தது. யோன் பிறவுணிங் வடிவமைத்த பெரிய ரவைத் துப்பாக்கி 1911இல் படைக்கு வந்தது. ஒஸ்திரியரான ஜோர்ஜ் லூகரின் 9 மில்லிமீற்றர் ரவையோ உலகெங்கும் பரவிற்று. அதற்கு வழங்கும் ‘பரபெல்லம்’ என்ற பெயர், சமாதானம் வேண்டின் போருக்கு ஆயத்தமாகு எனும் பொருளுடைய இலத்தீன் முதுமொழியிலிருந்து வந்தது.

1986 ஏப்ரல் 11இல் மியாமியில் கொள்ளையர் இருவருடன் நடந்த மோதலில் மத்திய புலனாய்வுப் பணியகத்தினர் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். கொள்ளையரில் ஒருவனது உடலிற் பாய்ந்த 9 மில்லிமீற்றர் ரவை இதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது. மரண காயம் பட்ட பின்னரும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். அதனால் பணியகம் பெரிய ரவைகளுக்கு மாறியது. சுமார் முப்பது ஆண்டுகளின் பின் மீண்டும் 9 மில்லிமீற்றருக்கே திரும்பியது. ரவைகளின் அமைப்புத் திருந்தியிருந்தது. உதைப்புக் குறைந்த துப்பாக்கியால் பெரும்பாலானோர் விரைவாகவும் குறி தவறாமலும் சுட்டனர் என்பதே அதன் காரணம்.

அளவு எங்கே இருக்கிறது?

தனி மனிதன் தன் உயிரைக் காக்கக் கொல்வதைப் புனித அகுஸ்தீனார் ஏற்கத் தயங்கினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் வேறொரு வழி காட்டினார். ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம்: தன் உயிர் காக்கப்படுதல், தாக்கியவன் உயிர் போதல். முன்னதை மட்டுமே நாடி, தேவைக்கு மிஞ்சாத பலத்தைப் பயன்படுத்துபவன் குற்றவாளியல்லன். தேவைக்கு மிஞ்சினால் அது நெறியன்று. பிறர் உயிருக்குப் பொறுப்பானவர்க்குப் பாதுகாப்பு ஒரு கடமையாகவும் ஆகலாம் என 1992இன் திருச்சபை மறைக்கல்வி நூல் சொல்கிறது.

அப்படியானால் சிறிய ரவையே கருணையுள்ள ரவை என்று நினைப்பீர்கள். உண்மை அத்துணை எளிதன்று. மிகச் சிறிய ரவை தாக்குபவனை அந்தக் கணத்தில் நிறுத்தாமல் விடலாம். சில மணி நேரத்தின் பின் உள்ளே குருதி கசிந்து அவன் இறக்கலாம். உயிரும் போயிற்று, காவலும் கிட்டவில்லை. வலிய ரவையோ அவனை ஊடுருவி, பின்னால் நிற்கும் குழந்தையைத் தாக்கலாம்.

இன்னொரு முரணையும் பாருங்கள். உடலினுள் விரியும் ரவைகளைப் போரிற் பயன்படுத்தலாகாதென 1899இல் ஹேக் நகரப் பிரகடனம் விதித்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையின் பெயரால் அறியப்பட்ட ரவைகளே அன்று உலகைத் திடுக்கிட வைத்தன. இன்றோ அமெரிக்கப் பொலிசாரும் பொதுமக்களும் விரியும் ரவைகளையே விரும்புகின்றனர். அவை உடலைத் துளைத்து வெளியேறுவது குறைவு. அயலவருக்கு ஆபத்தும் குறைவு என்கின்றனர். போர்க்களத்திற் கொடுமை எனப்பட்டது தெருவில் முன்னெச்சரிக்கை ஆகிறது.

ஆகவே அக்குவினாஸ் கேட்ட அளவை மில்லிமீற்றரில் தேடிப் பயனில்லை. துப்பாக்கியை எப்போது உருவுவது, விலகிப் போக வழியிருந்ததா, எதிரி விழுந்த பின்னும் ஓடத் தொடங்கிய பின்னும் கை மீண்டும் விசையை அழுத்துகிறதா என்பவற்றில் அந்த அளவு இருக்கிறது. முதல் ரவை தற்காப்பாயிருக்க, தேவையற்ற அடுத்த ரவை பழிவாங்கலாகிவிடலாம். இரண்டும் ஒரே அளவு ரவைதான்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

இன்னுமொன்று. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,800க்கு மேற்பட்டோர். அவர்களுள் 26,300க்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டு மாண்டவர்கள். கள்வனை எண்ணி வாங்கிய ஆயுதம், மனம் உடைந்த மகனின் கைக்கு எட்டும் இடத்தில் ஒவ்வோர் இரவும் கிடக்கிறது. கள்வன் ஒருநாளும் வராமலே போகலாம். மனச்சோர்வு எந்த வீட்டுக்கும் வரும். ஆதலால் எந்த அளவு ரவை என்று கேட்பவர், அதைப் பூட்டி வைக்க இடமுண்டா, என் வீட்டில் யார் துயருற்றிருக்கிறார் என்பதை அதற்கு முன் கேட்க வேண்டும்.

கெத்சமனித் தோட்டத்தில் இராயப்பரின் கையிலும் ஒரு வாள் இருந்தது. அவர் அன்பினாலேயே அதை உருவினார். ஆயினும் அதை உறையிற் போடும்படியே ஆண்டவர் பணித்தார். ஆயுதம் ஏந்தும் உரிமையைச் சட்டம் தரலாம். ஏந்தாமலிருக்கும் உரிமையும் நமக்குண்டு. கடல் கடந்து வாழும் உங்கள் பிள்ளைகள் என்றாவது இதுபற்றிக் கேட்டால், இவ்விரண்டையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.